‘ஏ’ தரமும் எங்கள் முறைப்பாடுகளும்: மனித உரிமைகள் ஆணைக்குழுவை ஜெனீவா எப்படி அளக்கிறது?

2007 ஜூன் 7 அதிகாலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளில் இருந்த லொட்ஜ்களுக்குள் பொலிஸார் நுழைந்தனர். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வந்து தங்கியிருந்த தமிழர்களிடம், கொழும்பில் இருப்பதற்கு ‘சரியான காரணம்’ இல்லை என்று கூறி, அவர்களை பஸ்களில் ஏற்றினர். 376 பேர் இவ்வாறு வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அந்த வழக்கை ஒரு சிவில் சமூக அமைப்பே கொண்டுசென்றது. இப்படியான வேளைகளில் மக்கள் போய் நிற்பதற்கென்றே சட்டத்தால் உருவாக்கப்பட்ட ஓர் அரச நிறுவனமும் நாட்டில் இருந்தது. அதுதான் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. அந்த வெளியேற்றம் நடந்து நான்கு மாதங்களில், 2007 ஒக்டோபரில், அந்த ஆணைக்குழுவின் சர்வதேசத் தரம் ‘ஏ’யிலிருந்து ‘பி’க்கு இறக்கப்பட்டது.

மீண்டும் ‘ஏ’ தரம் கிடைக்க 2018 மே வரை பத்தரை ஆண்டுகள் சென்றன. போர் உச்சமடைந்ததும், முள்ளிவாய்க்காலில் முடிந்ததும், சரணடைந்தோரின் உறவினர்கள் வீதிக்கு வந்ததும் இந்தப் பத்தரை ஆண்டுகளுக்குள்தான்.

இந்தத் தரத்தை யார் வழங்குகிறார்கள்? எதை வைத்து அளக்கிறார்கள்? அளவுகோல் இறுகும்போது நிறுவனங்கள் என்ன செய்கின்றன? முறைப்பாட்டுக் கடிதத்தோடு வரிசையில் நிற்கும் ஒருவருக்கு இதனால் என்ன பயன்?

தரம் வழங்குவது யார்?

ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தேசிய மனித உரிமை நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான அடிப்படை விதிகள் 1991-இல் பாரிஸில் நடந்த ஒரு பட்டறையில் வகுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அவற்றை ஏற்றுக்கொண்டது. இவை ‘பாரிஸ் கோட்பாடுகள்’ எனப்படுகின்றன. சட்டத்தால் நிறுவப்பட்டிருத்தல், அரசாங்கத்திடமிருந்து சுயாதீனமாக இருத்தல், பரந்த அதிகாரம், சமூகத்தின் பல தரப்பினருக்கும் பிரதிநிதித்துவம், போதுமான நிதி, விசாரிக்கும் அதிகாரம் ஆகியவை இவற்றின் சாரம்.

ஒரு நிறுவனம் இந்த விதிகளுக்கு இணங்குகிறதா என்று பார்ப்பது, தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டணியின் அங்கீகார உப குழு. 2007-இல் இக்கூட்டணி சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு என்ற பெயரில் இயங்கியது. உப குழுவில் ஆபிரிக்கா, அமெரிக்கா, ஆசிய-பசுபிக், ஐரோப்பா ஆகிய நான்கு பிராந்தியங்களிலிருந்தும் ‘ஏ’ தர நிறுவனமொன்று வீதம் நான்கு உறுப்பினர்கள் உள்ளனர். ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் செயலகமாக இயங்குகிறது. அதாவது, இது அரசாங்கங்கள் சேர்ந்து வழங்கும் தரம் அல்ல. ஒத்த நிறுவனங்களே ஒன்றையொன்று மதிப்பிடும் முறை இது.

முழுமையாக இணங்கினால் ‘ஏ’, பகுதியளவில் இணங்கினால் ‘பி’. ‘ஏ’ தர நிறுவனம் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையில் தன் சொந்தப் பெயரில் பேசலாம், அறிக்கை சமர்ப்பிக்கலாம், கூட்டணியில் வாக்களிக்கலாம். ‘பி’ தர நிறுவனத்துக்கு வாக்குரிமை இல்லை. ஆகவே ‘பி’ என்பது வெறும் கௌரவக் குறைவு அல்ல. அரசாங்கப் பிரதிநிதி பேசிய பின் அதே அவையில், அதே நாட்டிலிருந்து வேறொரு உத்தியோகபூர்வக் குரல் எழும் வாய்ப்பு அதனால் இல்லாமல் போகிறது.

2007-இல் என்ன நடந்தது?

இலங்கை ஆணைக்குழு 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது. 2001-இல் வந்த 17-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், இந்த உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையின் பேரிலேயே ஜனாதிபதி நியமிக்க வேண்டும் என்றது. 2005-இல் அந்தப் பேரவையின் பதவிக்காலம் முடிந்தது. புதிய பேரவை அமைக்கப்படவில்லை. 2006-இல் ஆணைக்குழு உறுப்பினர்களின் காலமும் முடிந்தபோது, ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பேரவை இல்லாமலேயே புதிய உறுப்பினர்களை நேரடியாக நியமித்தார்.

தரமிறக்கத்துக்கு உப குழு இரண்டு காரணங்களைக் காட்டியது. ஒன்று, இந்த நியமன முறை. மற்றது, ஆணைக்குழு நடைமுறையில் சமநிலையாகவும் அரசியல் சார்பின்றியும் செயற்படுகிறதா என்ற ஐயம். இந்த இரண்டாவது காரணத்துக்கு உதாரணமாக உப குழு குறிப்பிட்டது, காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஏறத்தாழ 2,000 முறைப்பாடுகளின் மீதான தொடர் நடவடிக்கை 2006-இன் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டதை.

இந்த இரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. யார் நியமிக்கிறார் என்பது நிர்வாக நடைமுறை. எந்தக் கோப்பு மூடப்படுகிறது என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை. முதலாவது கெட்ட சில மாதங்களுக்குள் இரண்டாவதும் நின்றது.

அதே காலத்தில்தான் கொழும்பில் வெள்ளை வான் கடத்தல்கள் பெருகின. உத்தியோகபூர்வ வழிகளில் நம்பிக்கை இழந்தவர்களுக்காக மனோ கணேசன், நடராஜா ரவிராஜ் முதலானோர் 2006-இல் மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்தனர். அதே ஆண்டு நவம்பர் 10 அன்று ரவிராஜ் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓர் அரச நிறுவனம் செய்ய வேண்டிய பதிவு வேலையைத் தனிமனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

அளவுகோல் இறுகும்போது

தரக்கட்டுப்பாட்டு முறைகள் காலப்போக்கில் இறுகுவது மனித உரிமைத் துறைக்கு மட்டும் உரியதல்ல. கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு ‘லெவல் ஃபைவ்’ என்ற சொல் பழக்கமானது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மென்பொருள் பொறியியல் நிறுவனம், ஒரு நிறுவனத்தின் வேலைமுறை எவ்வளவு முதிர்ச்சி அடைந்துள்ளது என்பதை ஒன்று முதல் ஐந்து வரை அளக்கும் முறையை உருவாக்கியது. சொந்தத் திறமையில் எப்படியோ வேலை முடிப்பது முதலாம் நிலை. வேலைமுறையை எண்களால் அளந்து தொடர்ந்து திருத்துவது ஐந்தாம் நிலை. 1990-களில் பெங்களூர், சென்னை நிறுவனங்கள் இந்த ஐந்தாம் நிலைக்காகப் போட்டியிட்டன.

நாளடைவில் ஒரு சிக்கல் தெரியவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிவுக்குக் கிடைத்த சான்றிதழை முழு நிறுவனத்தின் பெருமையாக விளம்பரம் செய்ய முடிந்தது. 2006-இல் வந்த 1.2 பதிப்பு விதிகளை இறுக்கியது. தரம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றானது. நான்காம், ஐந்தாம் நிலைகளை மதிப்பிடுபவருக்குத் தனியான தகுதி கேட்கப்பட்டது. அதன் பின், ஒருமுறை உச்சத்தைத் தொட்டவர் அங்கேயே நிற்க மீண்டும் மீண்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

மனித உரிமை நிறுவனங்களின் அங்கீகாரமும் இதே பாதையில் வந்தது. முன்னர் ‘ஒதுக்கீட்டுடன் கூடிய ஏ’ என்ற ஓர் இடைத்தரம் இருந்தது. ஆவணங்கள் முழுமையாக இல்லாவிட்டாலும் அதில் தங்கியிருக்கலாம். பின்னர் அது நீக்கப்பட்டது. ‘ஏ’ பெற்ற நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வுக்கு வர வேண்டும். இடையில் நிலைமை கெட்டால் சிறப்பு மீளாய்வு தொடங்கலாம். பாரிஸ் கோட்பாடுகளில் ஓரிரு வரியாக இருந்த விடயங்கள் ‘பொது அவதானிப்புகள்’ என்ற விரிவான விளக்கங்களாக வளர்ந்தன. உதாரணமாக, நியமனம் சுயாதீனமாக இருந்தால் மட்டும் போதாது. வெற்றிடம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டதா, சிவில் சமூகத்திடம் கருத்துக் கேட்கப்பட்டதா, தகுதி அடிப்படை முன்கூட்டியே வெளியிடப்பட்டதா என்றெல்லாம் இப்போது கேட்கப்படுகிறது.

இதனால் மாற்றம் வந்த இடங்கள் உண்டு. மலேசியாவின் மனித உரிமைகள் ஆணைக்குழுவான சுஹாகாமுக்கு 2008-இல் தரமிறக்க எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஓராண்டு அவகாசத்துக்குள், 2009-இல், மலேசிய நாடாளுமன்றம் அதன் சட்டத்தைத் திருத்தியது. சுஹாகாம் ‘ஏ’ தரத்தைக் காத்துக்கொண்டது.

மாறாத இடங்களும் உண்டு. இந்தியாவின் தேசிய மனித உரிமைகள் ஆணையம் பற்றிய முடிவு 2016-இல் ஒத்திவைக்கப்பட்டது. 2017-இல் ‘ஏ’ உறுதியானது. 2023, 2024 ஆண்டுகளில் மீண்டும் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. 2025 மார்ச் அமர்வில் ‘பி’க்கு இறக்கும்படி உப குழு பரிந்துரைத்தது. பொலிஸ் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கப் பொலிஸ் அதிகாரிகளையே அமர்த்துவது, பல தரப்புப் பிரதிநிதித்துவம் போதாமை, நியமன முறை ஆகியவை தொடர்ந்து சுட்டிக்காட்டப்பட்ட குறைகள்.

திருத்தங்களோடு ஏறி இறங்கிய எழுத்து

இலங்கைக் கதையை அரசியலமைப்புத் திருத்தங்களின் வரிசையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

17-ஆவது திருத்தம், 2001: நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரை கட்டாயமானது. அது மீறப்பட்டபோது 2007-இல் ‘பி’.

18-ஆவது திருத்தம், 2010: அரசியலமைப்புப் பேரவை நீக்கப்பட்டது. பதிலாக வந்த பாராளுமன்றப் பேரவை கருத்துக் கூற மட்டுமே முடியும். முடிவு ஜனாதிபதியினுடையது. தரம் ‘பி’யாகவே இருந்தது.

19-ஆவது திருத்தம், 2015: அரசியலமைப்புப் பேரவை மீண்டது. அதே ஆண்டு கலாநிதி தீபிகா உடகம தலைமையில் புதிய ஆணைக்குழு வந்தது. 2018 மே மாதம் ‘ஏ’ மீண்டது.

20-ஆவது திருத்தம், 2020: மீண்டும் பாராளுமன்றப் பேரவை. முன்னாள் அமைச்சர் ஜகத் பாலசூரிய தலைவராக நியமிக்கப்பட்டார். 2021-இல் சிறப்பு மீளாய்வு தொடங்கியது. ‘ஏ’ தரம் மறுபடியும் கேள்விக்குள்ளானது.

21-ஆவது திருத்தம், 2022: அரசியலமைப்புப் பேரவை மறுபடியும் வந்தது. 2023-இல் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் எல்.ரி.பி. தெஹிதெனிய தலைமையில் புதிய ஆணைக்குழு அமைந்தது. மீளாய்வின் முடிவில் ‘ஏ’ தரம் தக்கவைக்கப்பட்டது.

நியமனக் கதவு ஜனாதிபதியின் கைக்குப் போகும்போதெல்லாம் தரம் விழுந்தது, அல்லது விழும் நிலைக்கு வந்தது. ஜெனீவாவின் அளவுகோல் இந்த விடயத்தில் பிழைவிடவில்லை.

நியமனம் சரியாக இருந்தபோது வேலையிலும் வேறுபாடு தெரிந்தது. 2015-2020 ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதனின் வழிநடத்தலில் நாட்டின் சிறைச்சாலைகள் பற்றி விரிவான தேசிய ஆய்வொன்றை நடத்தி 2020-இல் வெளியிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வழக்கின்றி இருந்தவர்களின் நிலையும் அதில் பதிவானது. ஐ.நா. அமைதிப்படைக்கு அனுப்பப்படும் இலங்கைப் படையினரின் மனித உரிமைப் பின்னணியைச் சரிபார்க்கும் பணியும் அக்காலத்தில் ஆணைக்குழுவிடம் வந்தது.

அந்த எழுத்து எதை அளக்காது?

ஆனால் இங்கே ஒரு மயக்கம் ஏற்படக்கூடாது. ‘ஏ’ என்பது நிறுவனத்தின் அமைப்புக்கும் நடைமுறைக்கும் கிடைக்கும் தரம். உங்கள் முறைப்பாட்டுக்குக் கிடைக்கும் தீர்வின் தரம் அல்ல. மென்பொருளில் ஐந்தாம் நிலை பெற்ற நிறுவனமும் மோசமான மென்பொருளை எழுதலாம். அந்தத் தரம் வேலைமுறையைத்தான் அளந்தது.

ஆணைக்குழுவின் சட்டத்திலேயே ஒரு பெரிய வரம்பு உண்டு. விசாரணையின் பின் ஆணைக்குழு செய்வது பரிந்துரை. பொலிஸோ படைத்தரப்போ திணைக்களமோ அதை நடைமுறைப்படுத்தாவிட்டால், ஆணைக்குழு ஜனாதிபதிக்கு முழு அறிக்கை கொடுக்கலாம். அவர் அதைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு மேல் கட்டாயப்படுத்தும் கை அதற்கு இல்லை.

அளவுகோல் இறுகுவதால் வரும் இன்னோர் ஆபத்தும் உண்டு. மீளாய்வு நெருங்கும்போது எந்த நிறுவனமும் காட்டக்கூடிய வேலையில் கவனம் செலுத்தத் தூண்டப்படும். அறிக்கைகள், கருத்தரங்குகள், நடைமுறைக் கையேடுகள் காட்ட எளிதானவை. பதினைந்து ஆண்டுகளாகத் திறந்திருக்கும் ஒரு கோப்பைக் காட்டுவது எளிதல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்குத் தேவை அந்தக் கோப்பில் நடக்கும் வேலைதான்.

அதற்காக இந்தத் தரத்தை வெற்று அலங்காரம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. 2007-இல் அந்த 2,000 முறைப்பாடுகள் நிறுத்தப்பட்ட விடயம் ஒரு சர்வதேச ஆவணத்தில் ஏறியது இந்த மதிப்பீட்டின் வழியாகத்தான். அதைப் பதியவைத்தது, சிவில் சமூகம் கொடுத்த தகவலும் உப குழு கேட்ட கேள்வியும்.

முறைப்பாடு செய்பவர் அறிந்திருக்க வேண்டியவை

ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் உள்ளது. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவரும் கொடுக்கலாம்.

ஒரு மாதம் என்ற எல்லையை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பின் 126-ஆவது உறுப்புரை ஒரு மாத அவகாசமே தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேர்க்கப்படாது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் கூறியுள்ளது. ஆகவே சட்டத்தரணி ஒருவரிடம் உடனே பேசுவது நல்லது.

கைது நடந்தால் 48 மணித்தியாலங்கள் முக்கியமானவை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைக் கைது செய்தால், அதையும் தடுத்து வைத்திருக்கும் இடத்தையும் 48 மணித்தியாலங்களுக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 28-ஆவது பிரிவு கூறுகிறது. ‘அறிவித்தல் வந்ததா?’ என்று குடும்பத்தினர் ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் கடதாசியில் வையுங்கள். முறைப்பாட்டின் பிரதி, திகதியுடன் கூடிய பற்றுச்சீட்டு, கோப்பு இலக்கம், பேசிய அதிகாரியின் பதவி, அடுத்த விசாரணைத் திகதி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எழுத்தில் நிலைமையைக் கேளுங்கள். பதில் வந்தால் அதுவும் ஆவணம், வராவிட்டால் நீங்கள் கேட்ட கடிதம் ஆவணம்.

மீளாய்வு வரும்போது பேசுங்கள். அங்கீகார உப குழு ஆணைக்குழுவின் அறிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. மூன்றாம் தரப்பினர் எழுத்தில் கொடுக்கும் தகவல்களையும் ஏற்கிறது. அவை அமர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பாதிக்கப்பட்டோர் சங்கங்கள், சிவில் அமைப்புகள், புலம்பெயர் அமைப்புகள் வழியாக இதைச் செய்யலாம். பொதுவான குற்றச்சாட்டை விட, ‘இந்த ஆண்டு இத்தனை முறைப்பாடுகள் கொடுத்தோம், இத்தனைக்குப் பதில் வந்தது, இத்தனை கிடப்பில் உள்ளன’ என்ற கணக்குக்கே அங்கே எடை அதிகம்.

உச்சத் தரத்தைத் தேடும் நிறுவனத்துக்கு அந்தத் தரம் தேவை. அதைக் காட்டிக்கொள்ள அரசாங்கத்துக்கும் தேவை. அந்தத் தேவைதான் எங்கள் கையில் உள்ள பிடி. 2006-இல் நிறுத்தப்பட்ட 2,000 கோப்புகள் பத்தரை ஆண்டுத் தரமிறக்கத்துக்கு ஒரு காரணமாயின. அடுத்த ஐந்தாண்டு மீளாய்வில் கேட்கப்படும் கேள்வி எதுவாக இருக்கும் என்பது, இன்று திறந்திருக்கும் கோப்புகளைப் பற்றி யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.